முதுகளவு இடம்

தொம் தொம்மென்று முதுகால் சுவரில் மோதிக்கொண்டிருக்கிறார் தாவ் யுன்சிங். விடிந்ததும் மற்ற பெரியவர்கள் கல்லூரி வளாகத்து மரங்களில் முதுகை மோதி உடற்பயிற்சி செய்வார்கள். இவருக்கு மட்டும் பழைய தேவாலயத்தின் கிழக்குச் சுவர்தான் வேண்டும்.

"டீச்சர், சுவரு பாவம், விட்டுடுங்க" என்பான் காவலாளி கெங்.

"சுவரே சும்மாயிருக்கு, உனக்கு எங்கே வலிக்குது? போய் கேட்டுல சாஞ்சு தூங்கு. அதானே உன் வேலை!"

கழுத்துவரை பொத்தான் போட்ட நீலப் பஞ்சுக் கோட்டு. அதில் ஒரு தூசி ஒட்டவிடமாட்டார். காலை முட்டையை உடைப்பதும் இதே சுவரில்தான்.

சுவர் நெடுகக் கற்கள். இது கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாக இருந்தபோது, படிப்பை முடிக்கும் ஒவ்வொரு வகுப்பும் தன் ஆண்டையும் ஒரு வரியையும் பொறித்த கல் ஒன்றைப் பதித்துவிட்டுத்தான் வெளியேறும். கடைசிக் கல்லுக்கு அடுத்து, முதுகளவில் ஒரு பள்ளம். தாவ் டீச்சர் படித்த வகுப்பு தன் கல்லுக்காகச் செதுக்கி வைத்தது. கல் வருவதற்குள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், புதிய கம்யூனிஸ்ட் அரசு பல்கலைக்கழகத்தையே துறை துறையாகக் கலைத்துவிட்டது. வேதியியல் ஓர் ஊருக்கு, விவசாயம் ஓர் ஊருக்கு. டீச்சரின் அறைத்தோழி, சி மெய்யின் என்பவள், வடக்கே போனாள். "கல்லு வைக்க வந்துடுவோம்டி" என்று ரயில் ஜன்னலிலிருந்து கத்தினாளாம்.

ஓய்வு பெற்றதும் இவர் இங்கே திரும்பி வந்துவிட்டார். தோழி மெய்யின் வரவில்லை. கல்லில் என்ன வரி எழுதுவதாக இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "கல்லு வந்தா படிச்சுக்கோ" என்பார்.

போன வாரம் அங்கே ஒரு கொத்தனார் நின்றிருந்தார். இப்போதிருக்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஆண்டு விழாவாம். சுவரைச் சீராக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"இதை மட்டும் விட்டுடேம்பா. ஒருத்தி வரணும்."

"ஓட்டையை விட்டா மேஸ்திரி என்னை உரிச்சிடுவாரு பெரியம்மா. எப்ப வருவாங்க?"

கொத்தனார் பள்ளத்தில் சிமெண்டை அப்பி, கரணையால் வழித்துவிட்டு, அடுத்த விரிசலுக்கு நகர்ந்தார்.

அன்று டீச்சர் மோதவில்லை. மெல்லத் திரும்பி, அந்த ஈரச் சிமெண்டில் முதுகை அழுத்திச் சாய்த்துக் கண்ணை மூடினார். கையோடு கொண்டுவந்த தேநீர் ஆறும்வரை அப்படியே நின்றார்.

"ஐயோ டீச்சர், கோட்டெல்லாம் சிமெண்ட்!" என்று தட்டிவிட ஓடிவந்தான் கெங்.

அவன் கைக்கு எட்டாமல் விலகி, சிமெண்ட் ஒட்டிய முதுகை அவன் தொடாதபடி மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.