என் வாயில் இன்னொருத்தியின் குரல்

தொலைக்காட்சி விளம்பரங்களில் வரும் பெண்களோடு நான் பல வருடங்கள் சண்டை போட்டிருக்கிறேன். புருஷன் சட்டையில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டதற்குக் கன்னத்தில் கை வைத்து மலைத்து நிற்பாள் ஒருத்தி. துணியை ஊறப்போட வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி பாக்கெட்டோடு வந்து சொல்லித்தர வேண்டும். இட்லி கல்லாகிப் போனதென்று இன்னொருத்தி கண்ணைக் கசக்குவாள். அவளுக்கு வாய்த்தவனோ தலைவலித் தைலம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வீட்டையே தலைகீழாக்குவான்.

"ஊறப்போடுடி, கூறுகெட்டவளே!" என்று அடுப்படியிலிருந்தே கத்துவேன்.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் தலையைக்கூடத் திருப்பாமல், "நீ வையிறது அவுகளுக்குக் கேக்காதும்மா" என்பாள்.

எல்லாரையும்விட எனக்கு ஆகாதவர்கள் விளம்பரத்து விவசாயிகள்தான். தலைப்பாகையும் மண்வெட்டியுமாக நின்று, வாடிய பயிரைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக அழுவார்கள். பளபளக்கும் ஷூவோடு ஒருவர் வரப்பில் நடந்து வந்து, பாட்டிலைத் தூக்கிக் காட்டியதும் குடும்பத்தோடு ஆடுவார்கள். காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். கவாத்து முடிந்து துளிர் விட்டதிலிருந்து குலை வெட்டும் வரை நானும் என் வீட்டுக்காரரும் பந்தலுக்கு அடியில்தான் கிடப்போம். கொடிக்கு ஒன்று என்றால் நாங்கள் வானத்தைப் பார்த்ததில்லை. இலையைத் திருப்பித்தான் பார்த்திருக்கிறோம்.

லோக்கல் சேனல்கள் எங்கள் பக்கம் பரவிய சமயம் அது. நாங்கள் வழக்கமாகக் கொடிக்கு மருந்து வாங்கும் தேனிக் கடைக்காரருக்கும் ஒரு விளம்பரம் எடுக்கும் ஆசை வந்தது. ரோட்டோரமாக இருக்கிறதென்று எங்கள் தோட்டத்தைக் கேட்டார். கூடவே நாங்கள் இரண்டு பேரும் நடித்தால் நன்றாக இருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டிவிட்டார். அன்றைக்கென்று வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வேறு வைத்திருந்தார். படம் எடுக்க மதுரையிலிருந்து வந்த கேமராக்காரர் அதைக் கழற்றச் சொல்லி, கிழிந்த பனியன் இருக்கிறதா என்று கேட்டார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நல்ல இலைகளின் மேலெல்லாம் முகப்பவுடரைத் தூவி வைத்திருந்தார்கள். அதுதான் சாம்பல்நோயாம். என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். "ஐயய்யோ! இலையெல்லாம் வெள்ளையாயிருச்சே! நம்ம வாழ்க்கையே போச்சே! இப்ப என்ன செய்யிறதுன்னே தெரியலையே!" என்று எழுதியிருந்தது.

"எந்தப் பொம்பள இப்பிடிப் பேசுவா?" என்று கேட்டேன்.

"விளம்பரம்னா அப்படித்தான்க்கா" என்றார் கேமராக்காரர். "நீங்க அழுதாத்தான் பாட்டிலோட ஒருத்தர் வந்து காப்பாத்த முடியும்."

"நான் அழுக மாட்டேன். சாம்பல்நோய் வந்தா அழுதுக்கிட்டா நிப்பாக? இலையப் பறிச்சுக் கொண்டுபோய்க் கடையில காட்டுவோம். அதத்தான் சொல்லுவேன். இஷ்டம்னா எடுங்க, இல்லைன்னா கேமராவக் கட்டுங்க."

"இந்தா, சொல்லிக் குடுத்ததச் சொல்லிட்டுப் போயேன்" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

கடைக்காரர் சிரித்தார். "தங்கச்சி சொல்றதும் நல்லாத்தேன் இருக்கு. அப்பிடியே எடுங்க தம்பி."

கேமரா ஓடியது. நான் பவுடர் பூசிய இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இலையில சாம்பல் தெரியுது. பறிச்சுக் கொண்டுபோய்க் கடையில காட்டிட்டு வாங்க. குலைக்குப் பரவுறதுக்குள்ள மருந்தடிச்சுருவோம்" என்றேன். பிசிறில்லாமல் வந்தது. "சூப்பர்க்கா" என்றார் கேமராக்காரர். என் வீட்டுக்காரருக்கு வசனமே இல்லை. வெயிலாக இருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்று கல்தூணுக்குக் கீழே அவரை உட்காரவைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன். டிவியில் முதல்முதலாக ஒரு பெண் புத்தியோடு பேசப்போகிறாள், பாருங்கள் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். ஒளிபரப்பான அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆள். செய்தி முடிந்ததும் எங்கள் பந்தல் தெரிந்தது. அடியில் என் முகம். நான் வாயைத் திறந்தேன்.

"ஐயய்யோ! நம்ம வாழ்க்கையே போச்சே!"

கீச்சென்று ஒரு குரல். பிறந்ததிலிருந்து நான் பேசாத ஒரு பேச்சு. என் உதடு 'ஏங்க, இலையில' என்று அசைகிறது, குரலோ தேம்பித் தேம்பி அழுகிறது. அடுத்து என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கு அவர் வியர்வையைத் துடைத்ததைத் திருடி எடுத்திருக்கிறார்கள். ஷூ போட்டவர் வந்தார். பாட்டிலைக் காட்டினார். முடிந்தது.

பக்கத்து வீட்டு மதினி கைதட்டினாள். "நல்லா அழுதீக மதினி. ஆனா குரல் வேற மாதிரி இருக்கே?"

"அது என் குரலே இல்ல!"

"இல்லாட்டி என்ன, நல்லாத்தேன் இருக்கு."

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தேனிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் சோடா வாங்கி வரச் சொல்லிவிட்டு இழுத்தார். "காத்து இரைச்சல்ல உங்க குரல் சரியாப் பதியலையாம் தங்கச்சி. மதுரையில ஒரு பொண்ண வச்சுப் பேசவிட்டிருக்காக."

"குரல மாத்தினா மாத்துறாக, பேச்ச எதுக்கு மாத்தினாக?"

"அந்தப் பொண்ணு கையில முதல்ல எழுதின தாளுதேன் இருந்துச்சாம்." அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த தடவை எடுக்கும்போது சரிசெய்துவிடலாம் என்றார். மருந்து வாங்க வந்து நின்றிருந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதான அந்த அழுகுற அம்மா?" சோடாவைக் குடிக்காமலே இறங்கி வந்தேன்.

அந்த விளம்பரம் நிற்கவே இல்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டில் யாராவது "வாழ்க்கையே போச்சே" என்று கீச்சிடுவார்கள். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் அப்படியே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் சேர்ந்துகொண்டு விளம்பரங்களை வைய ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் டீக்கடையில் மரியாதை கூடியிருந்தது.

"ஊரே நம்மளப் பத்திப் பேசுது. உனக்கு என்ன குறை?" என்றார்.

"ஊரே சிரிக்குது."

"சிரிச்சுட்டுப் போகட்டுமே. அதுனால நம்ம கொடி காய்க்காமப் போயிருமா?"

அந்தப் பருவத்தில் நிஜமாகவே சாம்பல்நோய் வந்தது. பந்தலின் மேற்கு மூலையில் நான்தான் முதலில் பார்த்தேன். இலையைப் பறித்து, "ஏங்க, இதப் பாருங்க" என்று நீட்டினேன். அவர் இலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு கன்னத்தில் கை வைத்து, அதே கீச்சுக் குரலில், "ஐயய்யோ, நம்ம வாழ்க்கையே போச்சே!" என்றார். மருந்தடித்து முடிக்கும் வரை நான் அவரோடு பேசவில்லை. மருந்தை நானே கலக்கி, வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் கடைக்காரர் புது விளம்பரம் போட்டார். சரிசெய்து எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. இந்தத் தடவை வாழைத்தோட்டம், வேறொரு பெண். அவளும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வழக்கம்போல வைய வாயெடுத்தேன், வரவில்லை. இவள் நிஜத்தில் என்ன சொன்னாளோ, எந்த மகராசி இவள் வாயில் இப்படிப் பேசினாளோ என்றுதான் நினைக்கத் தோன்றியது. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் பிடிபடாது.

சின்னமனூரில் ஒரு கல்யாணத்தில் அவளை நேரில் பார்த்தேன். பந்தியில் இடம் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் யாரென்று சொன்னதும் அடையாளம் கண்டு சிரித்தாள்.

"நீங்க நெசமா என்ன சொன்னீக?" என்று மெதுவாகக் கேட்டேன். "எங்கிட்டச் சொல்லுங்க. எனக்கும் இப்பிடித்தேன் செஞ்சாக."

அவளுக்குப் புரியவில்லை. "எழுதிக் குடுத்ததத்தேன் சொன்னேன். குரலும் என்னதுதேன். கண்ணுக்கு மருந்து போடுறேன்னாக, வேண்டாம்னுட்டேன். எனக்குத் தானா அழுக வந்துச்சு. நல்லா இருந்துச்சுல்ல?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களதுதேன் கொஞ்சம் சுமாரு, தப்பா நினைக்காதீக" என்றாள் அவள். "குரல் அழுகுது, மூஞ்சியில அழுகையே இல்ல."

என் மூஞ்சியில் ஏன் அழுகை இல்லை என்பதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பாயச வாளி வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.