உப்பு, கரி, ஒரு குடம் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் டைப்ரைட்டிங் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆஸ்டின் டவுனில் நான் வாடகைக்கு இருந்த பின்போர்ஷனில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளைத் தமிழில் தயார் செய்து கொடுப்பதாகத் திட்டம். முதல் வாரமே பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக். பாதி வேலையில் தானாக அணைந்துபோகும்.

எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருக்கு மேடம். எர்த்தே இல்ல. இப்படியே ஓட்டினா மெஷின் போயிடும், இல்ல நீங்க போயிடுவீங்க."

கசியும் கரென்ட் மண்ணுக்குள் இறங்க, வாசலோரம் ஆழமாகக் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் கல்லுப்பும் கரியும் நிரப்ப வேண்டும். மண் காயாமல் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊரே சாஃப்ட்வேர் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது நான் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார ஆன்ட்டி அப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருந்தார். போனில் கேட்டதற்கு, "கரென்ட் வேலைதானே, பண்ணிக்கோ" என்றார். திரும்பி வந்து குழியைப் பார்த்ததும் தெருவே கூடுகிற மாதிரி கத்தினார்.

"என் வாசல்ல உப்பும் கரியும் புதைச்சிருக்கியே, யாருக்குடி செய்வினை வெச்ச? நாளைக்குள்ள மூடு. இல்ல காலி பண்ணு!"

"மூடவும் மாட்டேன், காலியும் பண்ண மாட்டேன். உங்களைக் கேட்டுத்தான் தோண்டினேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு வருஷம் அடுத்தவர் கடிதங்களைத் தட்டியவள் நான். முதல்முறையாக எனக்கென்று ஒரு பிழைப்பு வந்திருக்கிறது, அதை மண் போட்டு மூடவா?

தெருப் பம்பில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். என் பங்கில் தலைக்கு ஊற்றுவதைக் குறைத்துக்கொண்டு குழிக்கு ஊற்றினேன். விடியலில் ஒளிந்து ஊற்றவில்லை. வரிசை முழுக்கப் பார்க்க, நட்டநடுப் பகலில் ஊற்றினேன். ஆன்ட்டி குழிக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வீட்டு ஃபிரிட்ஜும் ஷாக் அடிக்கும். ரப்பர் செருப்பு போட்டு, கையில் துணி சுற்றித்தான் கதவைத் திறப்பார். ஃபிரிட்ஜ் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். ஒரு மழை நாளில் செருப்பை மறந்து, சமையலறையில் தூக்கியடிக்கப்பட்டு விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். அடி பலமில்லை. அவரை என் அறைக்கு அழைத்து வந்து, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் வெறுங்கையை வைத்துக் காட்டினேன்.

"இப்ப நீங்க தொடுங்க."

ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையையே வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"என் ஃபிரிட்ஜுக்கும் ஒரு வயர் இழுத்துக்கலாமாம்மா?"

"தாராளமா. ஆனா தினமும் ஒரு குடம் நீங்க ஊத்தணும். எல்லாரும் பாக்கறப்போ."

முறைத்தார். ஆனால் மறுநாள் பம்பிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்து நேரே குழிக்கு வந்தார். வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "இன்னா ஆன்ட்டி, நீங்களுமா? யாருக்கு செய்வினை?"

"என் ஃபிரிட்ஜுக்கு. சும்னே உன் வேலையப் பாரு" என்று பாதி கன்னடத்தில் சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தார்.