கோபம் வராத எழுத்து

கொழுகொழுவென்று, முனையெல்லாம் உருட்டிவிட்ட அந்த அச்செழுத்தோடு எனக்கு முன்பு பகை இருக்கவில்லை. ஐஸ்கிறீம் கடைக்கு அது பொருந்தும். முன்பள்ளிச் சுவருக்கும் பிறந்தநாள் பதாகைக்கும் பொருந்தும். 'ண', 'ழ' எல்லாம் சுழிக்குள் இடம் அடைபட்டு, கன்னம் உப்பிச் சிரிக்கிற மாதிரி நிற்கும். ஆனால் அந்த எழுத்தால் ஒருவரையும் அதட்ட முடியாது. இதை நான் என் வேலியைக் கொடுத்துத்தான் அறிந்தேன்.

நெடுந்தீவில் எங்கள் வளவைச் சுற்றி இருப்பது கல்வேலி. சீமெந்து இல்லை, கல்லுக்கு மேல் கல் அடுக்கியது. ஆள் ஏறினால் சரியும். சரிந்தால் மாடுகள் புகுந்து கத்தரிக் கன்றுகளை மேய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் வருகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் அதில் ஏறிப் படம் எடுப்பார்கள். எனக்கோ தெரியாதவர்களிடம் வாய் திறக்க வராது. எனக்குப் பதிலாக ஒரு பலகை பேசட்டும் என்று யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சுக்கடைக்குப் போய், 'வேலியில் ஏறாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் அந்த எழுத்தைக் கணினியில் போட்டுக் காட்டினார்.

"கொஞ்சம் மெலிஞ்ச எழுத்து இல்லையோ?"

"இதுதான் அண்ணை இப்ப எல்லாரும் கேக்கினம். பாக்கவே ஒரு சந்தோசமாக் கிடக்கெல்லே?"

சந்தோசம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன்.

வீட்டில் வந்து பிரித்தால், எழுத்தின் அகலத்துக்கு வரி போதாமல் 'வேலியில் ஏறா' மேலேயும் 'தீர்கள்' கீழேயும் கிடந்தன. மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஐஸ்கிறீம் விக்கப் போறியளோ?"

திரும்பவும் கடல் கடந்து போக அலுப்பு. அதையே வேலியோரம் ஒரு தடி நட்டுக் கட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு படகில் எட்டுப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். பலகையைக் கண்டதும் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆரடி இந்தத் தீர்கள்?"

"நீதான்! ஏறடி, ஏறு!"

எட்டுப் பேரும் பலகைக்கு இரு பக்கமும் ஏறிக் குந்தினார்கள். நான் கிட்டப் போனேன்.

"பிள்ளையள், அது வந்து..."

"ஓம் அங்கிள், ஒருக்கா எங்களை எடுத்து விடுங்கோ. படத்திலை எழுத்து முழுக்க விழவேணும்."

அதற்குள் அவர்களுடைய போன் என் கையில் இருந்தது. எடுத்தேன். ஒருத்தி கண்ணை மூடிவிட்டாளாம், இன்னொரு தரமும் எடுத்தேன். அவர்கள் குதித்து இறங்கியபோது வேலியில் ஓர் ஆள் அகலத்துக்குக் கல் சரிந்தது. நான் அடுக்கத் தொடங்குமுன் மாடு இரண்டு வரிசை கத்தரியை முடித்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பலகையைக் கழற்றித் திருப்பி, வள்ளத்துக்குப் பூசுகிற தாரால் பின்பக்கத்தில் நானே எழுதினேன். 'ஏறாதே.' என் எழுத்து ஒல்லி. தார் வழிந்து ஒவ்வொரு காலும் முள்ளாக நீண்டிருந்தது. அப்படியே திரும்பக் கட்டினேன்.

அதன்பிறகு வந்த ஞாயிறு ஒருவரும் ஏறவில்லை. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு குரல் கேட்டது.

"இஞ்சாலை வாங்கோ. வீட்டுக்காரன் சரியான முசுடு போல கிடக்கு."

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் போகும்வரை நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.