கவாத்துக் குச்சி போட்ட வளைவு

மூக்கம்மா ஒரு சத்தம் போட்டால் இத்தலாரில் காயும் துணி தேவர்சோலையில் போய் விழும். ரோடு போடும் ஆட்களுக்கு அவள்தான் மேஸ்திரி. ஆனால் அவள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஏறுகிற வளைவோ, மழைக்கு மழை தாரைக் கழற்றிப் பள்ளத்தில் வீசிவிடும். குழி ஒவ்வொன்றிலும் எருமை நீச்சல் பழகலாம். பஸ்ஸே நின்றுபோனது. அதைத் திரும்ப மேலே ஏற்றியே தீருவேன் என்று மூக்கம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்த நேரத்தில் காலேஜிலிருந்து இன்ஜினியர் ஹரிதாஸ் வந்தார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிக் கழித்த குச்சியைக் காற்றுப் படாமல் கரியாக்கி, பொடித்து, தாரில் கலந்தால் ரோடு கெட்டியாகுமாம். சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டுமாம்.

"எங்க வளைவுல போடுங்க சார்!" என்று ஜீப்பை மறித்தாள் மூக்கம்மா. ஜீப்பே பயந்து ஒப்புக்கொண்டது.

குச்சியை மலைபோலக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினாள். ரோலர் வந்த காலையில் கரியாக்கலாம் என்று பார்த்தால், தார்ப்பாய் மட்டும் கிடக்கிறது! கவாத்துக் குச்சி என்றால் லைன்காரர்களுக்கு விறகு. அதுதான் அங்கே வழக்கம். ஆளுக்கொரு கட்டாகத் தூக்கிப் போய்விட்டார்கள். ரோலரோ மறுநாள் வேறு ஊருக்குப் போகிறது.

மூக்கம்மா லைனுக்குள் பாய்ந்தாள். எல்லா வீட்டிலும் புகை. அவள் வீட்டிலும்தான்! புருஷன் ஒச்சப்பன் ஜாலியாகக் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தான்.

"அட பாவி மனுசா, ரோட்டையே எரிச்சுப்போட்டியே!"

"குச்சின்னு நெனச்சேன் புள்ள..."

அவள் குடத்தைத் தூக்கி அடுப்பில் ஊற்றப் போனாள்.

"அக்கா, ஊத்தாதீங்க!" பின்னாலேயே ஓடிவந்த ஹரிதாஸ் கத்தினார். "எரியற குச்சிய இழுத்துச் சட்டிக்குள்ள போட்டு இறுக்கமா மூடுங்க. நமக்கு வேண்டிய கரி அதுதானுங்க!"

அவ்வளவுதான். "சட்டிய எடுங்கடி!" என்று மூக்கம்மா போட்ட சத்தத்தில் மூடாத சட்டி ஒன்றுமில்லை. ஆறிய கரியை ஆட்டுக்கல், அம்மி எல்லாவற்றிலும் போட்டுப் பொடித்தார்கள். மாவுச் சல்லடையில் சலித்தார்கள். லைன் முழுக்கக் கறுப்பு முகம். யார் பெண்டாட்டி யாரென்று புருஷன்மாருக்கே அடையாளம் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் தாரில் கலந்து போட்டு, ரோலரும் ஏறி இறங்கியது.

அந்த வருஷ மழை வானத்தைக் கவிழ்த்து ஊற்றியது. வளைவு அசையவில்லை.

பஸ் வந்த அன்று லைனே அதில் தொற்றிக்கொண்டது.

"இத்தன பேரும் எங்கீங்க போகோணும்?" என்று கண்டக்டர் மிரண்டார்.

"எங்கயும் இல்லீங்க," என்றாள் மூக்கம்மா. "வளைவத் தாண்டி எறக்கி விட்டுருங்க. திரும்பி வாரப்ப மறுக்கா ஏறிக்கறோம்!"