சுடாத கை

முக்கூடல் முத்துராணிக்கு வாய் கொஞ்சம் நீளம். மகள் தங்கத்தாய்க்குக் காது குத்தியபோது பிள்ளை சிணுங்கக்கூட இல்லை என்று, பீடிக் கடைக்கு இலை வாங்க வந்த பெண்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். பல் முளைத்ததும் அதே பிள்ளை தன் நாக்கையே கடித்துவிட்டு, ரத்தம் ஒழுகச் சிரித்தது. அப்போதுதான் அவள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பாளையங்கோட்டை டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வலியறியும் நரம்பு கருவிலேயே வளர ஒரு சத்து வேண்டும். அதை வாங்கிக்கொள்ள நரம்பில் ஏற்பி என்று ஒன்று உண்டு. இவளுக்கு அந்த ஏற்பி பிறவியிலேயே பழுது. சத்து இருந்தும் நரம்பு பட்டுப்போயிற்று. வியர்வைக்கான நரம்பும் அப்படியே போனதால் வெயிலும் ஆகாது. முத்துராணி தனக்குத் தெரிந்தபடி புரிந்துகொண்டாள்: வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மடைதான் திறக்கவில்லை, பயிர் கருகிவிட்டது. மருந்து கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

பீடி சுற்றிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் பிள்ளையைப் பார்ப்பதே வேலையாயிற்று. வெயிலில் ஈரத்துண்டைப் போர்த்தினாள். சாயங்காலம் கண்ணாடி பிடித்து உள்ளங்காலில் முள் தேடினாள். வளர வளர அதையெல்லாம் தங்கத்தாயே செய்துகொண்டாள்.

தாய்மாமன் செந்தூர்பாண்டி, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டிப் போகும் குழுவுக்குத் தலைவன். சின்ன வயதில் மருமகள் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கியதை நேரில் பார்த்தவன். இந்த வருஷம் அவள் தீச்சட்டி எடுக்க வேண்டும், அது அம்மன் கொடுத்த வரம், ஊரே காலில் விழும் என்று வந்து நின்றான். பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில்கூடச் சேர்க்காத பிள்ளை அவள். தங்கத்தாயின் முகம் மலர்ந்ததை முத்துராணி பார்த்தாள். அண்ணனைத் திட்ட வாயெடுத்தாள்.

அதற்குள் தங்கத்தாய் தன் உள்ளங்கையில் இருந்த பழைய தழும்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சுடுதது தெரிஞ்சு தூக்குதவங்களுக்குத்தான் மாமா அது நேர்ச்சை. எனக்குச் சுடவே செய்யாதே. அம்மனுக்கு நான் என்னத்தக் குடுத்தேன்னு சொல்ல?"

செந்தூர்பாண்டி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்த வருஷம் சட்டியை அவனே எடுத்தான். திரும்பி வந்தவனின் கொப்புளத்துக்கு மருந்து போட்டவள் தங்கத்தாய்தான். அதில் அவளுக்குக் கைப்பழக்கம் உண்டு. வலி எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

மறுநாள் பீடிக் கடையில் முத்துராணி மறுபடியும் பீற்றிக்கொண்டாள். காது குத்தும்போது அழாததில் பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. மாமனிடம் சொன்னதோ, தங்கத்தாய் தானே யோசித்துச் சொன்னது. வேலை கெட்டால் கெடட்டும் என்று, வந்தவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னாள்.