ஒகேனக்கல் பரிசலில் யார் யார் ஏறலாம்

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு, புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே சுற்றுலா பஸ் வந்து நின்றது. எண்பதுகளில் எங்கள் தெரு குணசேகரன் வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படி ஒரு பஸ் பிடித்து அக்கம்பக்கத்து ஆட்களை வெளியூர் அழைத்துப்போவான். அந்தத் தடவை ஒகேனக்கல். ஆளுக்கு ஐம்பது ரூபாய், சாப்பாடு அவரவர் பாடு. நான் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டேன்.

அங்கே பரிசலில் ஏற யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்ல அது போதும்.

என் வீட்டுக்காரர் ஆலையில் தறி மேஸ்திரியாக இருந்தவர். வேலையை விட்ட மறுவருஷமே வாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் இழுத்துப் பேசுவார். கோல் ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். ஆனால் இரண்டு வருஷமாக வாசலைத் தாண்டவில்லை. சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் "நீ போய்ட்டு வா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தக் காலை "இது எனுது இல்ல, மரக்கட்ட" என்பார். அப்படிப்பட்டவர், குணசேகரன் ஒகேனக்கல் என்று சொன்னதும், "ரெண்டு பேருக்கும் எழுதிக்க" என்று அவராகவே சொன்னார். ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு தடவை போய்வந்து, பரிசல் பரிசல் என்று மாதக்கணக்கில் பேசினார்களாம். இவருக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை.

எனக்கு ஒரு பயம். ஆற்றங்கரையில், அத்தனை பேர் முன்னால், "பெரியவருக்கு முடியாது, ஓரமா உக்காருங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் இந்த மனுஷன் இனிமேல் வாசலைத் தாண்டவே மாட்டார்.

இன்னொரு பயமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர் ஆகாது. கடலோரத்து ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் கணுக்காலுக்கு மேல் அலை ஏறினால் எனக்குத் தலை சுற்றும். இதை வெளியே சொன்னால் தெருவில் சிரிப்பார்கள். அதனால், "கரையில மூட்டைய பாத்துக்க ஆள் வேணும், நான் இருந்துக்கறேன்" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

குணசேகரனும் அந்துவானும் சேர்ந்து அவரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்துவான் முன்பு ஆலையில் இவருக்குக் கீழே தறி ஓட்டியவன். பிறகு நெல்லித்தோப்பில் தையல் கடை வைத்தான். அவனும் அவன் பெண்சாதி மரியும் எங்களுக்கு முன் சீட்டு.

"போன்ஜூர், மேஸ்திரி," என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தான் அந்துவான். "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். லீவு போட்டாலும் வுட மாட்டீங்க போலருக்குது."

"உனக்கு நான் லீவு குடுத்ததே இல்லியே, நீயா போட்டதுதான்," என்றார் இவர். பஸ் கிளம்பும் முன்பே அவர் ஒருவரோடு மல்லுக்கு நின்றதைப் பார்க்க எனக்குப் பாதி உயிர் வந்தது.

விழுப்புரம் தாண்டும்போது விடிந்தது. திருவண்ணாமலையில் ஏழேகால் மணிக்கு நிறுத்திக் காப்பி, இட்லி. மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மேலே போனோம். செங்கம், ஊத்தங்கரை, அரூர் என்று ஊர்ப் பலகைகளை ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் வேகமாகப் போனால் எனக்குப் பாதி ஊர்தான் கிடைக்கும். "ஊத்" என்று நான் கூட்டி முடிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும். மிச்சத்தை இவர் சொல்லுவார். நம் பக்கத்துச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் போய், இங்கே கல்லும் முள்ளும் கேழ்வரகுக் கொல்லையுமாக இருந்தது. புளியமரங்கள் மட்டும் ரோட்டின் இரண்டு பக்கமும் விடாமல் கூட வந்தன.

தர்மபுரி சேரும்போது பத்தே முக்கால். அங்கிருந்து ஒகேனக்கல் நாற்பத்தாறு கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை இறக்கம். வளைவுக்கு வளைவு மரி வாந்தி எடுத்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, காலைல தின்ன இட்லிதான் சரியில்ல," என்றாள். எல்லோரும் அதே இட்லியைத்தான் தின்றிருந்தோம்.

பன்னிரண்டேகாலுக்குப் பஸ் நின்றது. ஆறு கண்ணுக்குப் படவில்லை, சத்தம் மட்டும் காதுக்கு வந்தது. நூறு தறி ஒன்றாக ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஒரு ஷிப்டுக்கு இது காணும்," என்றார்.

வழி நெடுகிலும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இடுப்பில் துண்டோடு வளைய வந்தார்கள். ஒரு பக்கம் மீன் வறுவல் வாசனை, ஒரு பக்கம் நல்லெண்ணெய் வாசனை. அதைத் தாண்டி மெதுவாகப் பரிசல் துறைக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆனது. பரிசல் என்பது மூங்கில் பிளாச்சால் பின்னிய பெரிய வட்டக்கூடை, அவ்வளவுதான். அடியில் தாரும் பிளாஸ்டிக் சாக்கும் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். முன்பு மாட்டுத்தோல் போட்டிருந்தார்களாம். இதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. இதில் மனுஷர் ஏறிப் போகிறார்களா என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

துறையில் முதலில் நின்ற பரிசல்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "கால் வராதவங்கள ஏத்த மாட்டேங்க. நடுவுல பாறையில எறங்கி நடந்து அந்தப் பக்கம் திரும்ப ஏறணும். பெரியவரை இங்கியே நெழல்ல உக்கார வைங்க," என்றார்.

நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்புகிற அந்த முகமாக மாறிவிட்டது. "போலாம் வா. பஸ்ல குந்திக்கறேன்," என்றார் என்னிடம். குணசேகரன் தலையைச் சொறிந்தான்.

அப்போது பக்கத்தில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் வந்தார். கவிழ்ந்த கூடைக்கு அடியிலிருந்தே, "யாருக்கு கால் வராது?" என்று கேட்டார். பிறகு பரிசலை இறக்கி வைத்துவிட்டு, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். பெயர் மாதையன். ஐம்பது வயதிருக்கும்.

"பெரியவரே, நடு ஆத்துல தண்ணி மேல அடிச்சா எந்திரிச்சு குதிப்பீங்களா?"

"குதிக்கிற காலா இது?" என்றார் இவர்.

"அப்போ நீங்க ஏறலாம். எனக்கு நொண்டியால தொல்லை இல்லீங்க. நல்லா இருக்கறவன்தான் போட்டோ புடிக்கிறேன்னு எந்திரிச்சு நிப்பான். போன மாசம் ஒருத்தன் தண்ணியப் போட்டுட்டு வந்து பரிசலுக்குள்ள டான்ஸ் ஆடுனான். மாசமா இருக்கற பொண்ணுங்கள, நெஞ்சு வலிக்காரங்கள, குடிச்சவங்கள நான் ஏத்தறதில்ல. மத்தபடி சொன்ன எடத்துல குந்தினா யாரு வேணாலும் வரலாம். பாறையில எறங்காம கீழ்த்தண்ணியிலயே ஒரு சுத்து காட்டிக் கூட்டியாறேன். பெரிய அருவி தூரத்துலதான் தெரியும். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் இவர். ஆளுக்கு ஐந்து ரூபாய் என்று பேசினான் குணசேகரன்.

துறைப் படியில் இறக்கி ஏற்றுகிற கஷ்டமே வேண்டாம் என்று மாதையன் பரிசலை மணலிலேயே வைத்தார். இவரை அதற்குள் உட்கார வைத்தார்கள். இடது கால் மடங்காது, நடுவில் நீட்டிக்கொண்டு கிடந்தது. அந்துவானும் மரியும் ஆளுக்கொரு பக்கம் ஏறினார்கள். உட்கார்ந்த ஆட்களோடு பரிசலை அப்படியே தண்ணீருக்குத் தள்ளுவதாக ஏற்பாடு. நான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது. அவர் போகிறார், நான் கரையில் இருக்கிறேன். இரண்டும் நினைத்தபடி.

மாதையன் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கை காட்டினார். "அம்மா, நீங்க ஏறுங்க."

"நான் வரலப்பா. மூட்டை இருக்குது."

"பெரியவர் ஒரு பக்கமா சாஞ்சு குந்தியிருக்காரு. எதுர்ல கனமா ஆள் வேணும். இவங்க ரெண்டு பேரும் வெறும் எலும்பு. நீங்க வந்தாத்தான் பரிசல் சமமா நிக்கும். இல்லாட்டி பெரியவர எறக்கிட வேண்டியதுதான்."

"மூட்டைய நான் பாத்துக்கறேன் பெரியம்மா," என்றான் குணசேகரன். "நான் மூணு தடவ போயிருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க." நல்ல பிள்ளைதான். அந்த நேரத்தில் அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இவர் மட்டும் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். நான் எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். அவர் காலுக்கு எதிரே குந்தினேன். நான்கு பேர் தள்ளினார்கள். மணல் உரசுகிற சத்தம் நின்றது. அடியில் ஒன்றும் இல்லை.

கையை விளிம்பில் வைத்தேன். "விளிம்ப புடிக்காதீங்கம்மா, பாறையில இடிச்சா வெரல் போய்டும்," என்றார் மாதையன். வேறு பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? எதிரே அவருடைய இடது பாதம் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பரிசல் போகிற திசையே தெரியவில்லை. ஒரு நேரம் முதுகுப் பக்கம் போகிறது, ஒரு நேரம் பக்கவாட்டில் போகிறது. முகத்தில் சாரல் அடித்தது.

"சுத்தட்டுமா?" என்று மாதையன் கேட்டார்.

"சுத்து," என்றார் என் வீட்டுக்காரர்.

ஒற்றைத் துடுப்பால் ஒரு தள்ளு. அம்மிக்கல்லில் குழவியை உருட்டுவதுபோல என் தலைக்குள் எல்லாம் உருண்டது. மாரியம்மா, தாயே என்று வாய் முணுமுணுத்தது. அப்போதுதான் அவர் குரல் கேட்டது.

"ஏ. நகம் குத்துது."

கண்ணைத் திறந்தேன். "எங்க குத்துது?"

"கால்ல. எங்க புடிச்சிட்டிருக்கிற நீ? வெட்ட மாட்டியா நகத்த?"

இரண்டு வருஷமாக மரக்கட்டை என்று சொல்லிவந்த கால். நான் பிடியைத் தளர்த்தி இன்னொரு இடத்தில் கிள்ளினேன். "சும்மா இருடி," என்றார். மரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் கண்ணை மூடவில்லை. இரண்டு பக்கமும் பாறை வீட்டுச் சுவர் மாதிரி நெடுக நிற்கிறது. நடுவில் தண்ணீர் பச்சையாக, சத்தமில்லாமல் போகிறது. அந்தக் கரை கர்நாடகம் என்றார் மாதையன். தூரத்தில் பாறை இடுக்குகளில் அருவி வெள்ளை வெள்ளையாக இறங்கியது, மேலே புகை மாதிரி தூறல். அந்துவான் அதைக் காட்டுகிறேன் என்று அரை ஆளாக எழுந்தான், பரிசல் ஒரு பக்கம் அமுங்கியது.

"சார், குந்துங்க," என்று அதட்டினார் மாதையன். "பெரியவரு எப்புடி அசையாம குந்தியிருக்காரு பாருங்க."

"அவரு ஆலையிலயும் அப்படித்தான். எடத்த வுட்டு நகரவே மாட்டாரு," என்றான் அந்துவான்.

"நகந்தா நீ பீடி புடிக்கப் போய்டுவியே," என்றார் இவர். சாரலில் நனைந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, சிரித்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் சுற்றினோம். கரை தட்டியபோது இறங்க எனக்குத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. கால் மரத்துப்போயிருந்தது.

மூன்று மணிக்கு மீன் வறுவலோடு புளிச்சோறு தின்றோம். மாதையனுக்கும் ஓர் இலை போட்டேன். எங்கள் ஊர் மீன் பெரியது, ருசியும் கூடுதல். அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஆனால் இந்த ஆற்று மீனை என் வீட்டுக்காரர் ஐந்து துண்டு தின்றார், வீட்டில் ஒன்றரைத் துண்டுக்கு மேல் இறங்காது.

ஐந்து மணிக்கு பஸ் கிளம்பத் தயாரானது. ராத்திரி திருவண்ணாமலைச் சத்திரத்தில் தங்கிக் காலையில் புதுச்சேரி போவதாகப் பேச்சு. இவரைப் படியேற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கார் அருகே நின்றது. சேலத்துக்காரர்கள். பின்சீட்டில் ஒரு வயதான அம்மா, கைத்தடியை இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் இறங்கி வந்து என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, பெரியவரு பரிசல்ல போனாருன்னு சொன்னாங்க. எங்கம்மாவும் போகணும்னு அடம் புடிக்கிறாங்க. முட்டி வலி. கூட்டிட்டுப் போலாமா? பயம் ஒண்ணும் இல்லியே?"

நெஞ்சு வலி இருக்கிறதா, சொன்ன இடத்தில் அசையாமல் குந்துவார்களா என்று கேட்டேன். கீழ்த்தண்ணியில் மட்டும் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள், மாதையன் என்று கேளுங்கள், மணலிலேயே ஏற்றிவிடுவார் என்றும் சொன்னேன். பயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்ற என் வீட்டுக்காரர் அந்த ஆள் பக்கம் திரும்பினார்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க தம்பி. என்னைய வுடுங்க, எனக்கென்ன. இவளே போய்ட்டு வந்துட்டா," என்றார்.

அவர் இடுப்பைப் பிடித்து மேலே ஒரு தள்ளு தள்ளினேன்.