ஜெனீவாக் கூட்டத்திலிருந்து யாரும் எழும்பிப் போகவில்லை

போன சனிக்கிழமை ஜெனீவா போய் வந்தேன். ஏரி பார்க்க அல்ல, ஒரு கூட்டத்துக்கு. காசாவைப் பற்றி வாதாடும்போது 'இனப்படுகொலை' என்ற சொல்லை யார், எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. நடத்துகிறவள் என் அக்கா மகள் அபிராமி, அங்கே சட்டம் படிக்கிறாள். மேடையில் யாயெல் என்ற யூத மாணவியும் சமீர் என்ற பாலஸ்தீன மாணவனும். முதல் கூட்டம் இந்தச் சொல்லிலேயே முட்டி மோதிக் கலைந்துபோனதாம். இதுவும் கலைந்தால் இனி மண்டபம் இல்லை என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு நித்திரையே இல்லை.

"மாமா, கட்டாயம் வாங்கோ. ஆனா வாய் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்," என்றாள். ஈழத்தில் செத்த எங்கள் சனத்துக்காக அந்தச் சொல்லை ஐ.நா. முன்றலில் வருடக்கணக்காகக் கத்திய தொண்டை இது. அவளுக்குத் தெரியாதா என்ன!

நான் பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸ்காரன். பேர்ன் நிலையத்திலிருந்து ஜெனீவா ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீற்றர், ரயிலில் ஒன்றேமுக்கால் மணி நேரம். பாதிக் கட்டண அட்டை இருந்தால் முப்பது பிராங்குக்குள் முடியும். இடப்பக்கம் உட்காருங்கள், லொசானுக்குக் கிட்ட ஏரி அப்படியே திறந்துகொள்ளும். இறங்கியதும் பதினைந்தாம் இலக்க ட்ராம்.

இரண்டு மணிக்குத் தொடங்கியது. பேச்செல்லாம் பிரெஞ்சில். லொசான் உணவகச் சமையலறைகளில் வேலை செய்து கற்ற பிரெஞ்சு எனக்குப் போதுமாக இருந்தது. சமீர் எடுத்த எடுப்பிலேயே, "இது இனப்படுகொலை. வேறு பெயர் வைக்கிறவர்கள் மூடி மறைக்கிறார்கள்," என்றான். யாயெல் சிவந்துபோனாள். "என் கொள்ளுத்தாத்தாவின் குடும்பத்தையே நாஜிகள் அழித்தபோது அதற்கென்று பிறந்த சொல் அது. அதை என் வீட்டுக் கதவில் எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் யாரைக் கொன்றேன்?" கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். சமீரும் எழும்பினான். போச்சுடா, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அபிராமி மைக்கைப் பிடித்தாள். "பிழை என்னுடையது. எங்கள் தமிழ்க் கூட்டம் எதுவும் அகவணக்கம் இல்லாமல் தொடங்காது. முதலில் எழும்பி நின்று செத்தவர்களை நினைப்போம், பிறகுதான் பேச்சு. இங்கே அதை விட்டுவிட்டேன். எல்லோரும் எழும்புங்கள். நீங்கள் இழந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். கொன்றது யார் என்று இப்போது வேண்டாம்."

கதிரைகள் சத்தம் போட எல்லோரும் எழும்பினார்கள். வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளை எனக்கு மறந்தே போனது. "குகன். என்ர தம்பி," என்றேன், தமிழிலேயே. யாயெல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டானியேல். என் சித்தப்பா மகன். ஒக்டோபர் ஏழு." சமீர் தொடங்கினான். லீனா, யூசுப், ஹனான்... பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. யாயெல் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு நடந்ததுதான் வாதம்! "சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பு வரட்டும்," என்றாள் அவள். "தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் உயிரோடு இருப்பார்களா?" என்றான் அவன். "கட்டளையிட்டவர்களைத்தான் சொல்கிறேன், உன்னை அல்ல," என்றும் சேர்த்தான். "அப்படியென்றால் அதைத் தெருவிலும் சத்தமாகச் சொல்." "சொல்கிறேன். நீ எங்கள் துக்கத்தை வெறும் பிரசாரம் என்று சொல்லாமல் இரு." "சொல்லமாட்டேன்."

அவன் அந்தச் சொல்லை விடவில்லை, அவள் அதை ஏற்கவுமில்லை. ஆனால் ஒருவர்கூட வெளியே போகவில்லை. மண்டபக்காரரே வந்து அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். நான் விசிலடித்தேன், ஓம், இந்த வயதில்! அபிராமி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "வெண்டிட்டம் மாமா!" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சொல்லைக் கத்த மட்டும் தெரிந்த எனக்கு அன்றைக்குத்தான் அதைக் கேட்கவும் முடிந்தது.

இப்படியான கூட்டங்களுக்குப் போகிறவர்கள் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. இன்ன ரயிலில்தான் திரும்புவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கவும் வேண்டாம். நாங்கள் ட்ராம் நிறுத்தத்துக்கு வந்தபோது யாயெலும் சமீரும் அதே சொல்லுக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சமீரின் ட்ராம் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. "போகட்டும். நீ சொல்லி முடி," என்றான்.